பதினான்காவது கோடு யாருடையது?

2025 ஏப்ரல் மாதம் முதல் நம் பள்ளி மாணவர்களின் சீருடையில் ஜாலூர் கெமிலாங் சின்னமும் சேர்ந்துகொண்டது. பெயர் அட்டை, பள்ளிச் சின்னம், அதோடு ஒரு குட்டித் தேசியக் கொடி. படிவம் மூன்றில் படிக்கும் என் தங்கையிடம், "இதில் என்ன இருக்கிறது, சொல்" என்று கேட்டேன். சிவப்பு வீரம், வெள்ளை தூய்மை, நீலம் ஒற்றுமை, மஞ்சள் ஆட்சியாளர்கள், பிறை இஸ்லாம், பதினான்கு கோடுகள் பதின்மூன்று மாநிலங்களும் கூட்டரசும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். முழு மதிப்பெண். "அந்தப் பதினான்காவது கோடு எப்போதும் கூட்டரசுக்குத்தான் இருந்ததா?" என்றேன். அந்தக் கேள்வி எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை போலும். "அப்படித்தானே அண்ணா இருக்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அப்படி இல்லை. நம் கொடியின் மிகச் சுவையான கதையே அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. நாம் சுதந்திரம் பெற்றது 1957-இல். நம் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது 1950 மே 26-ஆம் தேதி. சுதந்திர நாட்டைவிட அதன் கொடிக்கு ஏழு வயது அதிகம். அதற்கும் முன்பு, 1895 முதல் கூட்டு மலாய் மாநிலங்களுக்கு வேறொரு கொடி இருந்தது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பட்டைகள். நடுவில் பாயும் புலி. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களின் நிறங்களிலிருந்து அந்த நான்கு நிறங்களும் எடுக்கப்பட்டன. இன்றும் பேராக் கொடியில் வெள்ளை, மஞ்சள், கறுப்பைப் பார்க்கலாம். சிலாங்கூர் கொடியில் சிவப்பையும் மஞ்சளையும் பார்க்கலாம். புலி மட்டும் இறங்கிப் போய்விட்டது. (எனக்கு அந்தப் புலிமேல் கொஞ்சம் ஆசை உண்டு. ஆனால் மாணவர்கள் அதை வரைய வேண்டியிருந்தால் ஓவிய ஆசிரியர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் ஆசை அடங்கிவிடுகிறது.)

1948 பிப்ரவரி 1-ஆம் தேதி மலாயா கூட்டரசு பிறந்தது. ஒன்பது மலாய் மாநிலங்கள், அவற்றோடு பினாங்கு, மலாக்கா. ஆக மொத்தம் பதினொன்று. புதிய கூட்டரசுக்குப் புதிய கொடி வேண்டும். அதிகாரிகள் சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கலாம். ஆனால் 1949-இல் ஒரு போட்டி அறிவிக்கப்பட்டது. 373 வடிவங்கள் வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்து மூன்று தேர்ந்தெடுக்கப்பட்டு, நாளிதழ் வழியாகப் பொதுமக்களின் கருத்தும் கேட்கப்பட்டது. அந்த மூன்றில் ஒன்றை வரைந்தவர் முகமது ஹம்சா. ஜொகூர் பாருவில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர். அமைச்சரோ தளபதியோ இல்லை. காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் ஓர் அரசாங்க ஊழியர். இறுதியில் அவருடைய வடிவமே ஏற்கப்பட்டது.

ஏற்கப்பட்டாலும் அப்படியே ஏற்கப்படவில்லை. முதல் வடிவத்தில் நட்சத்திரத்துக்கு ஐந்து முனைகள்தாம். அது 1949. அவசரகாலம் அறிவிக்கப்பட்டு ஓராண்டுதான் ஆகியிருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு போர் நடந்துகொண்டிருந்தது. ஐந்து முனை நட்சத்திரம் என்றால் பலருக்கும் கம்யூனிஸ்டுகளின் சின்னம்தான் நினைவுக்கு வரும். ஆகவே டத்தோ ஓன் ஜாஃபார் மாற்றம் வேண்டும் என்றார். ஐந்து முனைகள் பதினொன்றாயின, மாநிலத்துக்கு ஒன்றாக. நிறங்களிலும் திருத்தங்கள் நடந்தன. பிறையும் நட்சத்திரமும் மலாய் ஆட்சியாளர்களுக்குரிய மஞ்சள் நிறத்தில் அமைந்தன. 1950 மே 19-ஆம் தேதி அதற்கு ஒப்புதல் தந்தவர் யார் தெரியுமா? பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ். ஒரு வாரம் கழித்துக் கோலாலம்பூரில் சிலாங்கூர் சுல்தானின் அரண்மனை முன் அது ஏறியது.

நீல நிறத்தின் பொருளையும் இங்கே கவனியுங்கள். இன்று நாம் அதை மக்களின் ஒற்றுமை என்று படிக்கிறோம். தொடக்கத்தில் அந்த நீலம் பிரிட்டனின் கொடியிலுள்ள நீலத்தை நினைவூட்டி, காமன்வெல்த் நாடுகளோடு நமக்கிருந்த உறவைக் குறித்தது. துணி அதே துணி, நீலம் அதே நீலம். பொருள் மட்டும் லண்டனிலிருந்து கிளம்பி நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அதற்காக யாரும் கொடியைக் கீழே இறக்கித் தைக்க வேண்டியிருக்கவில்லை.

1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவு, சிலாங்கூர் கிளப் திடலில், அதாவது இன்றைய மெர்டேக்கா சதுக்கத்தில், யூனியன் ஜாக் இறங்கி நம் கொடி ஏறியது. மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கியதை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். அன்று பறந்த கொடியில் எத்தனை கோடுகள்? பதினொன்று. ஆகஸ்ட் மாதச் சுவரொட்டிப் போட்டிகளில் துங்குவுக்குப் பின்னால் பதினான்கு கோட்டுக் கொடியை வரைந்துவிடுவது எளிது. இந்த ஆண்டு வரையப் போகும் தம்பி தங்கைகள் எண்ணிப் போடுங்கள்.

இனிதான் பதினான்காவது கோடு. 1963 செப்டம்பர் 16-ஆம் தேதி மலேசியா உருவானபோது சபா, சரவாக், சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்தன. பதினொன்றும் மூன்றும் பதினான்கு. கோடுகளும் பதினான்காயின, நட்சத்திரத்தின் முனைகளும் பதினான்காயின. கணக்கு மிக நேர்த்தியாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு இரண்டு ஆண்டுகூட நிற்கவில்லை. 1965 ஆகஸ்ட் 9-ஆம் தேதி நம் நாடாளுமன்றம் 126 வாக்குகள் ஆதரவாகவும் எதிர்ப்பு ஒன்றுமில்லாமலும் பிரிவினைக்கு ஒப்புதல் அளித்தது. சிங்கப்பூர் தனி நாடானது.

இப்போது கொடியை என்ன செய்வது? ஒரு கோட்டையும் ஒரு முனையையும் கழற்றியிருக்கலாம். இரண்டு ஆண்டுக்கு முன்புதான் மூன்று கோடுகளைச் சேர்த்தார்கள், ஒன்றைக் குறைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. கழற்றவில்லை. பதினான்கு பதினான்காகவே நின்றது. அந்தக் கோட்டின் பொருள் மாறியது. அது கூட்டரசு அரசாங்கத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டது. 1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. 1984-இல் லாபுவானும் 2001-இல் புத்ராஜெயாவும் அப்படியே ஆயின. இன்று அந்த ஒற்றைக் கோட்டின் நிழலில் மூன்று பிரதேசங்களும் இருக்கின்றன. (பதின்மூன்றாகக் குறைத்திருந்தால் இன்னொரு சிக்கலும் வந்திருக்கும்: கோட்டு எண்ணிக்கை அமெரிக்கக் கொடியோடு அச்சாகப் பொருந்திப் போயிருக்கும். பழைய பதினொரு கோட்டுக் கொடி மட்டும் என்ன, எண்ணிக்கையில் ஆப்பிரிக்காவின் லைபீரியா கொடிக்கு நிகர்.)

பிரிந்துபோன ஒருவருக்காகப் போட்ட நாற்காலியை வீட்டில் என்ன செய்வோம்? சிலர் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். சிலர் போட்ட இடத்திலேயே விட்டு, வருகிறவர்களை உட்காரச் சொல்வார்கள். நம் நாடு இரண்டாவதைச் செய்தது. எனக்கு அதில் ஒரு பெருந்தன்மை தெரிகிறது. அது திட்டமிட்டு வந்ததோ, மாற்ற மனமில்லாமல் வந்ததோ, எப்படியும் அந்தக் கோடு இருக்கிறது. அதைப் பார்க்கும்போது 1963-ஐயும் 1965-ஐயும் சேர்த்தே பார்க்கிறோம்.

கடலுக்கு அந்தப் பக்கம் போன சிங்கப்பூருக்கு அப்போது ஒரு கொடி தயாராகவே இருந்தது. 1959 டிசம்பர் 3-ஆம் தேதி அறிமுகமான கொடி அது. அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய டோ சின் சை, நம் தைப்பிங்கில் பிறந்தவர். அங்கும் அதே அச்சம் எழுந்தது: முழுவதும் சிவப்பாக இருந்தால் கம்யூனிஸ்டுக் கொடி போல் தெரியாதா? அதனால் சிவப்போடு வெள்ளை சேர்ந்தது. அங்கும் ஒரு பிறை இருக்கிறது. நம் கொடியில் பிறை கூட்டரசின் சமயமான இஸ்லாத்தைக் குறிக்கிறது. அவர்கள் கொடியில் அது வளர்ந்துவரும் இளைய நாட்டைக் குறிக்கிறது. பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் வேறு பொருள். ஒரே வடிவத்துக்குத்தான்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நாம் கொடியின் பொருளை வாய்ப்பாடு போல மனனம் செய்கிறோம். ஈரெட்டுப் பதினாறு என்பது என்றைக்கும் மாறாது. நீலம் என்றால் ஒற்றுமை என்பது அப்படிப்பட்டதில்லை. அது மனிதர்கள் முடிவு செய்தது. ஒரு காலத்தில் வேறாக இருந்தது. நாம் ஏற்றுக்கொண்டதால் இன்று இப்படி இருக்கிறது. ஒப்பிப்பதற்கும் ஏற்றுக்கொள்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது ஒவ்வொரு திங்கட்கிழமை சபை கூடலிலும் ருக்குன் நெகாரா வாசிக்கும்போது அசைந்துவிட்டு நிற்கும் உதடுகளைப் பார்த்தாலே தெரியும்.

நம் தமிழ் மாணவர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு: "இந்தக் கொடியில் நாம் எங்கே இருக்கிறோம்?" நியாயமான கேள்வி. நேரான பதிலும் உண்டு. நமக்கென்று ஒரு கோடு இல்லை. மலாய்க்காரருக்கென்றும் இல்லை, சீனருக்கென்றும் இல்லை, ஈபானுக்கோ கடசானுக்கோ இல்லை. கோடுகள் இனங்களுக்குத் தரப்படவில்லை. நம் கொடி பறக்கத் தொடங்கிய அதே காலத்தில் இலங்கையும் தனக்கொரு கொடியைத் தேடிக்கொண்டிருந்தது. அங்கே சிங்கம் நிற்கும் பகுதிக்கு வெளியே, முஸ்லிம்களுக்காகப் பச்சையும் தமிழர்களுக்காகச் செம்மஞ்சளும் இரு பட்டைகளாகச் சேர்க்கப்பட்டன. கொடிக்குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன் அதற்கு இணங்கவில்லை. 1951-இல் அந்தக் கொடி ஏற்கப்பட்டது. பட்டை கிடைத்தது, அதன் பிறகு அந்த நாட்டில் நடந்தவை நாம் அறியாதவை இல்லை. ஒரு கொடியில் இனத்துக்கு இடம் ஒதுக்குவது அந்த இனத்துக்கு நாட்டில் இடம் கிடைத்ததற்கு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நம் கொடியில் கோடுகள் சம அகலம் கொண்டவை. சரவாக்கின் பரப்பளவு பெர்லிஸைப் போல் ஏறத்தாழ 150 மடங்கு. கொடியில் இரண்டும் ஒரே அளவு. ஈப்போவில் பிறந்த நான் பேராக் கோட்டில் இருக்கிறேன், என் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் மலாய் நண்பனும் அதே கோட்டில்தான் இருக்கிறான். எந்தக் கோடு பேராக் என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்பதும் ஒரு வசதி. என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் பதினொரு கோட்டுக் கொடியைப் பார்த்தவர். அவரிடம் போய், நீங்கள் எந்தக் கோடு என்று கேட்டால் சிரிப்பார்.

கொடியில் இடம் தேடுவதைவிட, கொடியை எங்கே கொண்டுபோய் நட்டோம் என்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். 1997 மே 23-ஆம் தேதி எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் மலேசியக் கொடி முதன்முதலாகப் பறந்தது. கொண்டு சென்றவர்கள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ். சிகரத்தைத் தொட்ட முதல் மலேசியர்கள் அவர்கள். அன்று அந்தக் கொடிக்குப் பெயரே கிடையாது. 1950-இலிருந்து அதுவரை அது வெறும் தேசியக் கொடிதான். "ஜாலூர் கெமிலாங்" என்ற பெயரை அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல், மூன்று மாதங்கள் கழித்து. அதாவது, நம் கொடி பெயர் பெறுவதற்கு முன்பே இரண்டு தமிழர்களின் கையில் உலகின் உச்சிக்குப் போய்விட்டது. இந்தச் செய்தி பாடநூலின் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் இருக்க வேண்டியது என்பது என் கருத்து.

இனி, கொஞ்சம் சங்கடமான பகுதி. சீருடையில் சின்னம் வந்த அதே 2025 ஏப்ரலில், ஒரு சீன நாளிதழின் முதல் பக்க ஓவியத்தில் நம் கொடி பிறை இல்லாமல் அச்சானது. விசாரணை, பணி இடைநீக்கம், அபராதம் என்று விவகாரம் பெரிதானது. அடுத்த சில நாள்களில் கல்வி அமைச்சின் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் குறித்த அறிக்கையிலேயே தவறான கொடி இடம்பெற்று, அமைச்சும் மன்னிப்புக் கேட்டது. சமூக ஊடகங்களில் யார் கொடியை எப்படித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று கைப்பேசியோடு தேடும் படையும் கிளம்பியது. தலைகீழாகத் தொங்கிய ஒரு கொடி, அதை ஏற்றியவரின் இனத்தைப் பொறுத்து ஒரு நாள் தவறாகவும் இன்னொரு நாள் துரோகமாகவும் பார்க்கப்பட்டது.

தவறு தவறுதான். கொடியை அச்சிடும் நாளிதழுக்கும் அமைச்சுக்கும் சரிபார்க்கும் பொறுப்பு உண்டு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேண்டுமென்றே அவமதிப்பவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் கவனக்குறைவையும் அவமதிப்பையும் ஒரே தராசில் வைத்தால் என்ன நடக்கும்? வம்பு எதற்கு என்று கடைக்காரர் கொடியையே மாட்டாமல் விட்டுவிடுவார். அதில் நாட்டுக்கு என்ன லாபம்? 2017-இல் கோலாலம்பூரில் சீ விளையாட்டுப் போட்டி நடந்தபோது, நாம் வெளியிட்ட நினைவு நூலில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகிவிட்டது. சிவப்பு மேலே இருந்தால் இந்தோனேசியா, வெள்ளை மேலே இருந்தால் போலந்து, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தோனேசியர்கள் கொதித்தார்கள். நம் அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் ஏற்றுக்கொண்டு தொடர்ந்து விளையாடினார்கள். அண்டை நாட்டிடம் நாம் எதிர்பார்த்த அந்தப் பொறுமையை, நம் அண்டை வீட்டுக்காரரிடம் நாமே காட்டுவதில் என்ன தடை?

பள்ளிக்கூடம் இதில் நிறையச் செய்ய முடியும். ஒரு மாணவன் பதின்மூன்று கோடு போட்டு வரைந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது ஒரு வழி. "ஒன்று குறைகிறதே, அது எந்தக் கோடு தெரியுமா?" என்று கேட்டு 1963, 1965 கதையைச் சொல்வது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் போன மாணவன் வாழ்நாளில் பதின்மூன்று கோடு போடமாட்டான். ஆகஸ்ட் மாதம் வண்ணம் தீட்டும் போட்டியை ஆண்டு ஒன்று முதல் ஆண்டு மூன்று வரை வைத்துக்கொள்ளலாம். படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கும் அதே போட்டிதான் என்றால் அவர்களைக் குழந்தைகளாக்குகிறோம். 373 வடிவங்கள் வந்த அந்தப் போட்டியை வகுப்பறையில் மீண்டும் நடத்திப் பாருங்களேன். பதினொரு மாநிலங்கள், அவசரகாலம், ஆட்சியாளர்கள், பிரிட்டிஷ் ஒப்புதல்: இத்தனை நிபந்தனைகளுக்குள் நீங்கள் எதை வரைவீர்கள்? வரலாற்றுப் பாடம் தானாக வந்து சேரும்.

அதற்கிடையில், படைப்புப் பணிக்கும் பள்ளி இதழுக்கும் இணையத்திலிருந்து கொடிப் படத்தை எடுப்பவர்கள் உண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் வரையச் சொல்பவர்களும் உண்டு. எங்கிருந்து வந்தாலும் அரை நிமிடம் ஒதுக்கிச் சரிபாருங்கள். மேலே முதல் கோடு சிவப்பு. கீழே கடைசிக் கோடு வெள்ளை. கடைசிக் கோடு சிவப்பாக இருந்தால் ஒன்று எண்ணிக்கை தவறு, இல்லையென்றால் அது வேறு யாருடைய கொடியோ. நீலக் கட்டம் மேலிருந்து எட்டுக் கோடுகளின் உயரத்துக்கு இறங்கி நிற்கும், அதன் கீழே ஆறு கோடுகள் முழு நீளத்துக்கு ஓடும். கட்டத்துக்குள் பிறையும் நட்சத்திரமும் மஞ்சள், வெள்ளை இல்லை. நட்சத்திரம் ஒன்றே ஒன்று, முனைகள் பதினான்கு. அவற்றை எண்ணும்போது தொடங்கிய முனையில் விரலை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பதினைந்து வரும். கொடியின் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்கு.

செப்டம்பர் 16 மலேசியா தினம் தேசிய விடுமுறையானது 2010 முதல்தான். இன்றைய பதினான்கு கோட்டுக் கொடியின் பிறந்தநாளும் அதே தேதிதான். ஆனால் காரில் மாட்டிய சிறு கொடிகளைப் பலர் ஆகஸ்ட் 31 முடிந்ததும் கழற்றிவிடுகிறார்கள், அல்லது மறந்துபோய் அக்டோபர் வரை விட்டு, நுனி கிழிந்து சாயம் போன பின் குப்பையில் போடுகிறார்கள். இந்த ஆண்டு உங்கள் வீட்டுக் காரில் கொடி மாட்டும்போது அப்பாவிடம் சொல்லி வையுங்கள்: செப்டம்பர் 16 வரை இருக்கட்டும், 17-ஆம் தேதி நானே கழற்றித் துவைத்து மடித்து வைக்கிறேன் என்று. அவர் ஏன் என்று கேட்டால் பதினான்காவது கோட்டின் கதையைச் சொல்லுங்கள்.